தாயத்து பதிந்த இடம்

போன வருடம் தை மாதம், அறுவடை சமயம். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் இது புதிதல்ல. வேலை முடிந்து பைக்கில் வந்த என் மகன், எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி, நெல்லின் மேல் ஏறிச் சறுக்கி விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. சென்னையில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்பதை மறுநாள்தான் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த மாதம் பயிற்சி மையத்தில் இவனுக்கு இடம் கிடைக்கும். உட்காரவும், சக்கர நாற்காலிக்குத் தானாக மாறவும், முடிந்தால் பிடிமானத்தோடு நிற்கவும் அங்கே பழக்குவார்கள். ஆனால் உடம்பில் படுக்கைப் புண் இருக்கக்கூடாது. இருந்தால் அது ஆறும்வரை சேர்க்க மாட்டார்கள். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். உணர்வு உள்ள நாம் தூக்கத்திலேயே புரண்டு படுத்துக்கொள்கிறோம். இவனால் அது முடியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்த ஓட்டம் நின்று, வலியே தெரியாமல் புண்ணாகிவிடும்.

வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் அவனைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் இல்லை. அதனால் ஊரை ஒட்டிய ஒரு சின்னப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள். இவன் ஒருவன்தான் இளைஞன். பக்கத்துக் கட்டிலில் பழைய லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். பக்கவாதத்தில் ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"தோசைக்கு ரெண்டு பக்கந்தான் நைனா. நமக்கு மூணு பக்கம். வலது, இடது, மல்லாக்க. கருகாம பாத்துக்கினு கீறானுங்க" என்று முதல் நாளே என் மகனிடம் சொன்னார். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அங்கே வேலை செய்த ஆண் ஊழியர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து திருப்பிவிடுவார். குதிகால் படுக்கையில் படாதபடி தலையணை வைப்பார். விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துச் செருகுவார். மகனும் தன் பங்குக்கு ஒன்று செய்தான். தன் முதுகைத் தன்னால் பார்க்க முடியாது என்பதால், தினமும் சாயங்காலம் செல்போனில் படம் எடுக்கச் சொல்லி வாங்கிப் பார்ப்பான். நானும் வேலை முடிந்து நேராக அங்கேதான் போவேன். போனதும் போர்வையை விலக்கி அவன் குதிகாலைப் பார்ப்பேன். "வந்ததும் வராததுமா செக்கிங்காப்பா?" என்பான்.

இதற்கெல்லாம் நடுவில் அவன் இடுப்பில் ஒரு தாயத்து இருந்தது.

ஆபரேஷன் முடிந்த கையோடு என் அக்கா கோயிலில் மந்திரித்து வாங்கி வந்து, அவன் அரைஞாண் கயிற்றில் கட்டியது. செம்புத் தாயத்து, சுண்டு விரல் பருமன். அதைக் கழற்ற வேண்டாம் என்று இல்லத்தில் நானும் சொல்லிவைத்திருந்தேன். ஊழியரும் பக்தியுள்ளவர். திருப்பும்போதெல்லாம் அதை வயிற்றுப் பக்கம் தள்ளிவிட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பத்தோடு பார்க்க வந்தாள். மகன் மல்லாந்து படுத்திருந்தான். கட்டிலைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஊழியர் நேரத்துக்கு வந்து, "தம்பியைத் திருப்பணும்" என்றார்.

"இப்பதான வந்து குந்தினோம். வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிக்கினு படுப்பானா புள்ள? அப்பறம் வாப்பா" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அடுத்த முறை வந்தபோதும் யாரோ அவன் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். மதியத்திலிருந்து வெயில் தாழும்வரை அவன் மல்லாந்தே கிடந்தான்.

எல்லாரும் எழுந்து வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோதுதான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். வழக்கம்போல் படம் எடுத்துக் கொடுத்தேன். அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினான்.

"அப்பா, இது இன்னான்னு பாரு."

முதுகுக்குக் கீழே, எலும்பு மேட்டின் மேல், தாயத்து அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. நீள உருளை, அதன் தலையில் வளையம்கூடத் தெரிந்தது. சுற்றிலும் கன்றிச் சிவந்திருந்தது. இளைத்துப்போன இடுப்பில் கயிறு தளர்ந்து, தாயத்து பின்னால் வழுக்கிப் போயிருக்கிறது. அதன் மேலேயே மதியம் முழுக்கப் படுத்திருந்திருக்கிறான். ஊழியர் சிவப்பின் மேல் விரலை அழுத்தி எடுத்தார். வெளுக்க வேண்டிய இடம் வெளுக்கவில்லை.

"தோல் கிழியல சார். ஆனா உள்ள அடி வாங்கிக்கிது. சாமி விசயம்னு நானும் கயட்டாம வுட்டுட்டேன்" என்றார். அவர் முகம் மாறியிருந்தது. நான் உடனே ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டேன்.

தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடலாமா என்று கேட்டேன். தேய்த்தால் நொந்த சதை இன்னும் நோகும், கை வைக்கக் கூடாது என்று டாக்டர் போனில் சொன்னார். ஆறும்வரை மல்லாக்கப் போடவே வேண்டாம், அந்தக் கயிற்றை உடனே எடுங்கள் என்றார்.

நான் கத்தரிக்கோல் கேட்ட சத்தம் வாசல்வரை போயிருக்க வேண்டும். அக்கா உள்ளே ஓடி வந்தாள்.

"அறுக்காதடா. ஆம்பளப் புள்ள இடுப்பு வெறும் இடுப்பா இருக்கக் கூடாது. அது இருக்கங்காட்டிதான் இன்னிக்கு உயிரோட கீறான்."

நான் கத்தரிக்கோலைக் கையில் வாங்கினேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். மகன்தான் பேசினான். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "அத்தை, எனக்கு உணர்வு இருந்தா அது குத்தினப்பவே நான் கத்தியிருப்பேன். எனக்குத் தெரியவே இல்ல அத்தை" என்றான்.

அக்கா அப்போதுதான் அவன் முதுகைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டு, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தாள். வியர்வையில் இறுகிய முடிச்சு எளிதில் வரவில்லை. கடைசியில் கயிறு கையோடு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துக் கட்டில் பெரியவர், "கட்டில் கம்பில கட்டும்மா. எந்தக் கட்டில்ல எந்தப் புள்ள கீறான்னு சாமிக்குத் தெரியாதா? நான் வேணா அட்ரஸ் சொல்றேன்" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். தலைமாட்டுக் கம்பியில் அதைக் கட்டினாள்.

அதன்பிறகு அவனை வலதும் இடதுமாக மட்டுமே படுக்கவைத்தார்கள். தினமும் படம் எடுத்தோம். சிவப்பு முதலில் கருத்தது. இரண்டு நாள் ஓரத்தில் தோல் உரிவதுபோல் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. பிறகு பழுப்பானது, மெல்ல மெல்ல மங்கியது. அடுத்த ஞாயிறு அக்கா வந்தபோது, ஊழியர் அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவள் எழுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஸ்டூலைப் போட்டு அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

பயிற்சி மையத்தில் சேர்க்கும் நாளன்று அங்கிருந்த டாக்டர் அவன் முதுகைப் பார்த்து, தோல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தாயத்து எந்த இடத்தில் பதிந்திருந்தது என்று அவருக்கு அடையாளம் காட்ட எனக்கே தெரியவில்லை.

இப்போது அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றி அவ்வப்போது தன்னைத் தானே தூக்கி இறக்கிக்கொள்கிறான். படுக்கைக்கு மாறும்போது மட்டும் நான் கூட நிற்கிறேன். அதற்கு முன் விரிப்பின் மேல் ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொள்வேன். கல்லையும் முள்ளையும் நான் தேடவில்லை. அவனுக்கு நல்லது என்று நாங்கள் ஆசையாக வைத்தது ஏதாவது அவனுக்கு அடியில் கிடக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.