ஆளுக்குப் பாதி

மலேசியாவில், ஷா ஆலமில் நாங்கள் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையை மூடியபோது எனக்கும் என் தோழிக்கும் நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகப் பிழை தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். வேறு தொழிற்சாலைகளுக்கு எழுதிப் போட்டோம். யாரும் கூப்பிடவில்லை.

அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். வண்டி நன்றாக ஓட்டுவாள். கிள்ளானில் என் மாமனாரை டயாலிசிஸ் நிலையத்துக்கு அவள்தான் தன் பழைய காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். அவர் இறந்த பிறகும் அங்கே பழகிய நோயாளிகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சிகிச்சை முடிந்து வருபவர்களால் நேராக நிற்க முடியாது. காருக்காகக் காத்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு வேன் யோசனை வந்தது. அவள் ஓட்டுவது, நான் போன், நேரம், கணக்கு எல்லாம் பார்த்துக்கொள்வது.

நிலையத்தின் மேலாளர் ஒப்பந்தம் தரச் சம்மதித்தார். ஆனால் தனி ஆட்களோடு போட முடியாது, செண்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்த கம்பெனி வேண்டும் என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் கம்பெனிப் பதிவு செய்து தரும் அம்மா ஒருவர் இருந்தார். போய் உட்கார்ந்தோம். அவர் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதின்னு சொல்றீங்க. சரி. நாளைக்கு ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா? படுத்துட்டா? மத்தவங்க என்ன செய்வாங்க? அதையெல்லாம் முதல்லயே எழுதி வச்சுக்கணும். அதுக்குத் தனிக் கட்டணம்."

என் தோழியின் முகம் மாறிவிட்டது. "கம்பெனி ஆரம்பிக்க வந்திருக்கோம் மேடம். நீங்க படுக்கையப் பத்திப் பேசறீங்க."

படி இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "பயமுறுத்தித்தான் காசு வாங்குவாங்க. எங்கப்பா குடியுரிமை வேலைக்கு ஒரு ஏஜண்ட் இப்படித்தான் வருஷக்கணக்கா இழுத்தான். கடைசியில அப்பா குடியுரிமை கிடைக்காம, அந்தச் சிவப்பு ஐசி கார்டோடயே செத்தாரு. ஆன்லைன்ல நாமே செஞ்சுக்கலாம் லா. நாம என்ன படிக்காதவங்களா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் வந்ததும், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகளின் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பதிந்தோம். பங்கு ஆளுக்குப் பாதி. இயக்குநர்கள் நாங்கள் இருவரும். வங்கியில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். ஒருவரை ஒருவர் ஏமாற்றாமல் இருக்க அதுதான் வழி என்று அவள்தான் சொன்னாள். சட்டப்படி கம்பெனிக்குச் செயலாளர் ஒருவர் வேண்டுமாம். இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒருவரை அமர்த்தினோம். அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. வேலை நின்றபோது கிடைத்த தொகையைப் போட்டு, கம்பெனி பெயரிலேயே வேன் வாங்கினோம். பத்துமலையில் ஒரு அர்ச்சனை, அவள் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அது ஓடியது. லாபம் பெரிதாக இல்லை. ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

பிறகு ஒரு நாள், நாங்கள் ஏற்றிச்செல்லும் பாட்டி ஒருவர் தன் வீட்டிலிருந்து போன் செய்தார். "அம்மா, வண்டி வாசல்ல நிக்குது. டிரைவர் பொண்ணு ஸ்டியரிங் மேல சாஞ்சிருக்கு. கூப்பிட்டா பேச மாட்டேங்குது."

பக்கவாதம். உயிர் தப்பினாள். வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் 'ம்' என்ற ஒரே சத்தம். அது ஆமாமா, இல்லையா என்று அவள் கணவருக்குக்கூடத் தெரியவில்லை.

நான் தற்காலிகமாக ஓர் ஓட்டுநரைப் பிடித்தேன். அவருக்குச் சம்பளம் கொடுக்க வங்கிக்குப் போனால் இரண்டு கையெழுத்து கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள், நாங்கள் எழுதிக் கொடுத்தது அது. என் நகையை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு வேனின் இன்சூரன்ஸ் காப்புறுதி முடிந்தது; புதுப்பிக்கப் பணமில்லை. நிலையம் வேறு ஆட்களுக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டது. மேலாளர்மேல் எனக்கு வருத்தமில்லை. நோயாளிகள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

மறுபடி அந்த மாடிப்படி ஏறினேன். அந்த அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாதிப் பங்கு அவங்களோடது. அவங்க சம்மதம் இல்லாம வண்டிய விக்க முடியாது, புதுசா யாரையும் சேர்க்க முடியாது. கம்பெனிய மூடறதுக்கும் அவங்க வேணும். கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா அதுக்கு ஆகற செலவு உங்க வண்டி விலையத் தாண்டிடும்."

"அன்னிக்கே உங்ககிட்ட குடுத்திருந்தா?"

"ரெண்டு பக்கம் எழுதியிருப்பேன்," என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

இதைத் தோழியின் கணவரிடம் சொன்னேன். அவர் இரவுக் காவல் வேலை பார்ப்பவர். மருந்துச் செலவில் நொந்துபோயிருந்தார். "கட்டைவிரல் வச்சுடலாம் சிஸ்டர். வண்டிய வித்து பாதி பாதி எடுத்துக்குவோம். யாரு வந்து கேக்கப் போறா?" என்று மைப்பெட்டியை எடுத்துவந்தார்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் அவளுடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கட்டைவிரலைப் பிரிக்கப் போனபோது விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இறுகிக்கொண்டன. வேண்டாம் என்கிறாளா, நரம்பு இழுக்கிறதா?

"வேணாமா?" என்று கேட்டேன்.

"ம்."

"வச்சுடலாமா?"

"ம்."

மைப்பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை.

வேன் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கிறது. டயர்கள் தரையோடு ஒட்டிவிட்டன. ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஒரு வேலையும் செய்யாத கம்பெனிக்கு வருடா வருடம் காட்டவேண்டிய கணக்கும் செயலாளர் கட்டணமும் மட்டும் தவறாமல் வருகின்றன. அந்த இரண்டு பக்கம் இருந்திருந்தாலும் அவளுக்குப் பேச்சு திரும்பியிருக்காது. தெரியும். ஆனாலும் அந்த மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கும் எங்கள் இருவரையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் செமினியில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது. சேரும்போது, வேறு கம்பெனியில் இயக்குநராக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மேற்பார்வை பார்க்கும் பையன் சிரித்துவிட்டான். "அப்புறம் ஏன் ஆன்டி இங்க வரீங்க?" அன்றிலிருந்து அவன் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறான். கேலி இல்லை, பாசமாகத்தான். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.