சோதனை வாரத்துத் தண்ணீர்

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா கிடைத்த புதிதில் நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டு வரிசையில் இருந்தோம். வரிசை முழுவதற்கும் தெருவில் ஒரே பைப்பு. விடிந்ததும் கொஞ்சம் ஒழுகும். அப்புறம் காற்றுதான் வரும். என் வீட்டுக்காரர் தண்ணீர் ஆபீஸில், தெருவுக்கடியில் இருக்கும் வால்வுகளைத் திறந்து மூடும் ஆள். அவர் வீட்டிலேயே தண்ணீர் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண்தான் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்ப் புகார் சொன்னாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். ஒரு வாரம் அழுத்தம் அளந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாரம் தண்ணீர் கொட்டியது. பாயைக்கூடத் துவைத்தோம். அதிகாரி குழாயில் கருவியை மாட்டிப் பார்த்து, "பாகுஸ்", நன்றாக இருக்கிறது என்றார்.

"துவான், நீங்க போன பொறகும் வருமா?" என்று கேட்டாள் அவள். அவர் சிரித்தார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவிலிருந்து என் தங்கை வந்தாள். "இந்த வாரம் பூரா எங்க பக்கம் சொட்டுத் தண்ணி இல்லக்கா" என்றாள்.

அவள் போனதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தெங்கேராவ மூடிட்டுத்தான் இங்க விட்டீங்களா?"

"மேல சொன்னாங்க, திருகினேன். வேலய விட்டுட்டு வரச் சொல்றியா?"

பலகைச் சுவர், பக்கத்து வீட்டில் எல்லாம் கேட்டிருக்கும்.

எங்கள் தெருவில் குறையில்லை என்று முடிவாயிற்று. எங்களுக்குப் போடவேண்டிய புதுக் குழாய் புக்கிட் பாரு பக்கம் போனது. எங்கள் பைப்பு பழையபடி காற்றை விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் பின்புறக் கிணற்றுக்குப் போய் இறைத்துச் சுமந்தாள். ஒரு நாள் பாசியில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்த பிறகு, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகுமுன் இரண்டு வாளி இறைத்து அவள் வாசலில் வைப்பார். அவர் சைக்கிளில் ஏறும்வரை காத்திருந்து, அவர் பார்க்கவே அதைச் சாக்கடையில் ஊற்றுவாள். மறுநாளும் வைப்பார். மறுநாளும் ஊற்றுவாள். அவர்கள் வீடு மாறிப் போகும்வரை இது நடந்தது.

எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயில், தோங்கில், அப்போது அடித் தண்ணீர்தான் கிடக்கும். இருந்தும், அவளிடம் ஊற்றாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை நிறுத்தவும் சொல்லவில்லை.