ஓடுபாதையில் சைக்கிள் ஒன்று, கார் ஒன்று

நான் ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில், அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் களத்தில் ஆறு நாள் ஒரு விமான நிலையம் இயங்கியது. அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் என் பொறுப்பில் இருந்தது. கோபுரம் என்பது வைக்கோல் போர்.

நிலையத்தை அமைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வளைகுடா விமான நிலையமொன்றில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றிப் போகும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். விடுமுறை முடிந்து திரும்பியதும் அவருக்கு ஒரு தேர்வு இருந்தது. தேறினால் விமானத்தையே இழுத்துப் போகும் டிராக்டரில் வேலை. அதை நம்பித்தான் ஆவுடையார்கோவிலில் பெண் கேட்டிருந்தோம். பெண்ணின் அப்பா சொந்தமாக இரண்டு டிராக்டர் வைத்திருந்தவர். "டிராக்டர் ஓட்டவா அம்புட்டுத் தூரம் போகணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டார். மாமாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவியிருந்தன. இதுவும் போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அந்தத் தேர்வுக்கு அவர் பழகுவதற்காக, களத்தின் நடுவே அம்மாவின் கோலமாவால் ஓடுபாதை போட்டோம். அதற்கு ஒரு பக்கம் செங்கல் பொடியால் சிவப்புக் கோடு. அப்பாவின் மொபெட்தான் டிராக்டர். ஹாண்டிலின் இரு பக்கமும் பனைமட்டை கட்டிய சைக்கிள் விமானம். அதை என் தம்பி ஓட்டினான். விதிகள் இரண்டு. ஓடுபாதை காலியாகி, கோபுரம் சொல்லும் வரை டிராக்டர் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோபுரம் சொன்னதை ஓட்டுகிறவர் முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரி' என்பது பதில் ஆகாது.

"சரின்னா என்னத்தைக் கேட்டுட்டு சரிங்கிற? அந்த ஒரு 'சரி'யில ரெண்டு ப்ளேன் முட்டிக்கிரும்" என்பார் மாமா.

இந்த இரண்டாம் விதி வீட்டுக்குள் எடுபடவில்லை. கடைக்குப் போய் அரைக் கிலோ சீனி வாங்கி வா என்று அப்பா சொன்னதைத் தம்பி அப்படியே திருப்பிச் சொல்லி, தலையில் ஒரு குட்டு வாங்கினான்.

ஆறாம் நாள் காலை பத்து ஐம்பதுக்கு, ஓடுபாதையின் நடுவில் சைக்கிளைக் கிடத்திவிட்டுத் தம்பி தண்ணீர் குடிக்கப் போனான். போனவன் வரவில்லை. பக்கத்துத் தோப்பில் மாங்காய் அடித்துக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. மாமா கோட்டருகே மொபெட்டில் உட்கார்ந்து, கடக்கலாமா என்று கேட்டார். கடக்கக் கூடாது, சைக்கிள் கிடக்கிறது என்றேன். அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நின்றார். நல்ல வெயில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். நானும் மறுத்தேன். விதி போட்டவரே அவர்தானே.

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஒரு வெள்ளைக் கார் களத்துக்குள் நுழைந்து, சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் பெண்ணின் அப்பா. அன்னவாசலில் ஒரு விசேஷத்துக்கு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்க்க வந்திருந்தார்.

"என்ன தம்பி, அங்கிட்டே நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க."

"இங்கிட்டு வாங்க தம்பி" என்றார் மாமா, கணீரென்று.

பெண்ணின் அப்பாவுக்கு அறுபது வயதாவது இருக்கும்.

"நான் வந்துட்டேன். ஒங்களத்தான் வரச் சொல்றேன்."

"ஒங்களத்தான் வரச் சொல்றேன்" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் முகம் வெளுத்தது. ஆனாலும் கோட்டைத் தாண்டவில்லை. "கால் நகரலக்கா" என்று அம்மாவிடம் பிறகு சொன்னாராம். என்னை அண்ணாந்து பார்த்தார்.

நான் கடமையைச் செய்தேன். "டிராக்டர் நிக்கணும். ரன்வேயில சைக்கிள் ஒண்ணு, கார் ஒண்ணு."

"டிராக்டர் நிக்கிது. ரன்வேயில சைக்கிள் ஒண்ணு, கார் ஒண்ணு."

கார் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த என் அப்பா பக்கம் பெண்ணின் அப்பா திரும்பினார். "ஒங்க மச்சினரு என்னைய வக்கணை காட்டுறாரா?"

அம்மா ஓடி வந்து சைக்கிளைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். மிச்சம் இருந்தது கார். பின்னால் எடுக்கும்படி டிரைவரிடம் சொன்னேன். முதலாளியைவிட உயரத்திலிருந்து வந்த உத்தரவு என்பதாலோ என்னவோ, அவர் உடனே எடுத்தார். கார் வைக்கோல் போருக்குக் கீழே வந்து நின்றது. பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. இன்னும் முடிவாகாத வீட்டில் இறங்கக் கூடாது என்று பெண்ணைக் காரிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, அவரு எம்புட்டு நேரமா நிக்கிறாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

மாமா வாங்கி வந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு நிமிசம்" என்றேன்.

"நீ சொன்னதுக்காகவா?"

"ஆமா."

"நீ சொல்றத முழுசாக் கேட்டுட்டா திருப்பிச் சொல்றாரு?"

"ஒரு வார்த்தை விட மாட்டாரு."

அவள் தன் அப்பா இருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் அங்கே, அம்மா சொல்லிக்கொண்டிருந்த விளக்கத்துக்கு நடுவில் புகுந்து பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி ஏறியது.

நான் அனுமதி கொடுத்தேன். மாமா கோட்டைக் கடந்து வந்து கும்பிட்டார். பெண்ணின் அப்பா காபியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார். அன்று பிற்பகல் அம்மா ஓடுபாதையைச் சாணி போட்டு மெழுகிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவர்களிடமிருந்து ஆள் வந்தது. பெரியவருக்கு விருப்பமில்லையாம், கட்டினால் மாமாவைத்தான் என்று பெண் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். அப்பா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். தேர்வில் மாமா தேறினார். ஆனால் கல்யாணத்துக்கு அதுவரை யாரும் காத்திருக்கவில்லை.

எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு குறை இருந்தது. கார் எப்படி அனுமதியில்லாமல் ஓடுபாதைக்குள் வந்தது என்பதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதை விட்டுவிட்டு, மாமா நின்ற நேரத்தைத் துருவித் துருவிக் கேட்டாள். விமான நிலையத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தியை மாமா கட்டிக்கொள்கிறாரே என்று, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.