பூங்கொத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிய கரோலா

இன்று கரோலாவைப் பார்த்தேன். கிளப் கதவில் இல்லை, கபாப் கடையில்! பெர்லினின் லிஷ்டென்பெர்க் பகுதியில் எங்கள் கிளப்புக்கு வருகிற யாரிடமாவது இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

எங்கள் கிளப்பின் பெயர் சலவைக்கூடம். ஒரு காலத்தில் நிஜமாகவே ஆஸ்பத்திரித் துணி வெளுத்த இடம். பெர்லின் சுவர் விழுந்த கொஞ்ச நாளில், பூட்டிக் கிடந்த கட்டிடத்தை நாலைந்து ஓரினக் காதலர்கள் கூட்டிப் பெருக்கி, இரண்டு ஸ்பீக்கரை வைத்து ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். பெயரை மாற்றக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. அப்போது டிராம் ஓட்டிக்கொண்டிருந்த கரோலா, லீவு நாளில் கதவில் நிற்க வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கதவை விடவில்லை.

யார் உள்ளே போகலாம், யார் போகக் கூடாது என்பது அவருடைய ஒரே பார்வையில் முடிவாகும். வேண்டாமென்றால் ஒரே வாக்கியம்: "இன்னைக்கு இல்லைங்க." காரணம் சொல்ல மாட்டார், கேட்கவும் கூடாது. முரட்டுத்தனம் என்று புதிதாக வருகிறவர்கள் திட்டுவார்கள். பழைய கதை அவர்களுக்குத் தெரியாது. முதல் குளிர்காலத்திலேயே, எங்களைப் போன்றவர்களை வெறுக்கிற நாலு பையன்கள் இஸ்திரி போட்ட சட்டையில் சிரித்த முகமாக வந்து, உள்ளே போனதும் கண்ணீர்ப் புகையை அடித்து, கண்டவர்களை எல்லாம் உதைத்தார்கள். ஒருவருக்குக் கண்ணே போனது. அன்று அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் கரோலா. அதற்குப் பிறகுதான் அந்தப் பார்வை வந்தது. நாங்கள் உள்ளே பயமில்லாமல் ஆடுவதே அதை நம்பித்தான்.

அப்படிப்பட்டவர் இன்று மத்தியானம் தெருமுனையில், நூர்ஹானின் கபாப் கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் டிராம் நிறுத்தத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன கரோலா, வேலையை விட்டுட்டீங்களா?"

"உட்காருடா சின்னவனே. வாயை மூடிட்டு டிராமைப் பாரு. நீலச் சட்டை போட்ட வயசானவர் யாராச்சும் இறங்கினா சொல்லு."

உள்ளேயிருந்து நூர்ஹான் கத்தினார். "மூணு ஞாயிறா அக்கா இப்படித்தான். டீயை வாங்கி வாங்கி ஆற வைக்குது. பாக்கிறவங்க என் டீ நல்லால்லன்னு நினைச்சுக்கிறாங்க."

"உன் டீ நல்லால்லதான்," என்றார் கரோலா, கண்ணை எடுக்காமல். சிரிப்பு வரவில்லை அவருக்கு. கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"மூணு வாரம் முன்னாடி ஒரு ஞாயிறு. வரிசைல எல்லாம் தோல் உடுப்பும் வலைச் சட்டையுமா நிக்குது. நடுவுல ஒரு மனுஷன். எழுபது இருக்கும். நீலச் சட்டை, மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. கையில பேப்பர் சுத்தின பூங்கொத்து. யாராச்சும் கிளப்புக்குப் பூ எடுத்துட்டு வருவாங்களா? எவனோ பந்தயம் கட்டி அனுப்பியிருக்கான், பின்னாடியே சிரிக்க ஒரு கும்பல் வரும்னு நினைச்சேன். யாரைப் பார்க்க வந்தீங்கன்னு கேட்டேன். 'எல்லாரையும்தான்'னார். வரிசையே சிரிச்சுது. 'கல்யாண வீடு அடுத்த தெருவுல'ன்னேன் நான். இன்னும் சிரிச்சுது. அப்புறம் 'இன்னைக்கு இல்லைங்க'ன்னுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'மன்னிச்சுக்கோங்க, தொந்தரவு பண்ணிட்டேன்'னார். அவர் எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாருடா!"

ஒருவர் வீட்டுக்கு முதல் முறை போனால் பூ கொண்டுபோவது இந்த ஊர் வழக்கம். அந்த மனிதர் அதைத்தான் செய்திருக்கிறார். வீடு என்று நினைத்து வந்திருக்கிறார்.

மீதியை நூர்ஹான் சொன்னார். "நேரா இங்கதான் வந்தாரு. உட்காரச் சொல்லி டீ குடுத்தேன். 'எங்க எக்கார்ட் முப்பது வருஷமா வந்த இடம்மா இது. மார்ச்சுல போயிட்டார். அவர் ஆடின மூலையை ஒரு தடவை பார்க்கலாம்னு வந்தேன். எனக்கு இந்த உடுப்பெல்லாம் தெரியல, தப்பா வந்துட்டேன்போல'ன்னாரு. பூவை இங்கேயே வெச்சுட்டு டிராம் ஏறிட்டாரு. சாயங்காலம் அக்காகிட்ட போய்ச் சொன்னேன். ஏன் சொன்னோம்னு ஆயிடுச்சு."

எக்கார்டை எனக்கும் தெரியும். யாருக்குத்தான் தெரியாது! கால்சட்டையைத் தாங்கும் சிவப்புத் தோள்பட்டி, வழுக்கைத் தலை. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வருவார். துணி வெளுத்த காலத்தில் ஈரப் போர்வை தொங்கவிட்ட குழாய் ஒன்று இன்னும் இருக்கிறது, அதன் கீழேதான் ஆடுவார். ஆறு மணிக்கு எல்லாரும் சூடுபிடிக்கும்போது கோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "வீட்ல ஒருத்தர் சூப் வெச்சுட்டுக் காத்திருப்பார். இங்க வரச் சொன்னா வெக்கப்படுறார்" என்பார். மார்ச்சுக்குப் பிறகு அவரைக் காணவில்லை. வேறு கிளப்புக்குப் போய்விட்டார் என்று நானே யாரிடமோ சொல்லியிருக்கிறேன்.

"ஒவ்வொரு வாரமும் எக்கார்ட்கிட்ட சொல்லுவேன்," என்றார் கரோலா. "'அந்த வெக்கப்படுற ஆளைக் கூட்டிட்டு வாய்யா, கதவை நானே திறந்து, கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்'னு. சொன்னேனா? வந்தார். திறந்தேனா?"

"அவர் வீடு எங்கன்னு விசாரிக்கலாமே?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவில் பார்க்கிற அதே பார்வை. "எக்கார்டோட குடும்பப் பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது! சலவைக்கூடத்தில் குடும்பப் பெயர் கேட்பதில்லை. பெயர் வெளியே போனால் வேலை போகும், பெற்ற பிள்ளைகளையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற காலத்தில் ஆடியவர்கள் பழக்கிய மரியாதை அது.

"சரி, ஒரு போட்டோ..." என்று இழுத்துவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் படம் எடுக்காதபடி, உள்ளே நுழையும் ஒவ்வொருவரின் போன் கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டுவது கரோலாவேதான். முப்பது வருஷம் எங்களோடு ஆடிய மனிதர், ஒரு படம்கூட இல்லை.

"ஒருத்தரையும் யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு எல்லாத்தையும் நல்லா அடைச்சேன்," என்றார். "இப்ப நானே கண்டுபிடிக்க முடியல."

அப்போது டிராம் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார், கையில் காகிதப் பொட்டலம்! "கரோலா!" என்று நான் கத்துவதற்குள் கரோலாவே எழுந்து, இரண்டு பக்கமும் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடி, அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றார். இறங்கியவரோ பயந்துபோய்ப் பையைத் துழாவி டிராம் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். பரிசோதகர் என்று நினைத்துவிட்டார் பாவம். பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போகிறவர்.

நூர்ஹான் விழுந்து விழுந்து சிரித்தார். கரோலா திரும்பி வந்து ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். அதைப் பார்த்த பிறகு நூர்ஹானும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புது டீ கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பூங்கொத்தைக் கரோலா அன்றே எடுத்துப் போய்க் குழாயின் கீழே கட்டியிருக்கிறார். காய்ந்து உதிர்கிறது, பெருக்க விடமாட்டேன் என்கிறார். "பூ போய்ச் சேந்துடுச்சு. கொண்டுவந்தவர் சேரல. அவரை உள்ள கூட்டிட்டுப் போற வரைக்கும் நான் கதவுல நிக்க மாட்டேன்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "நீ ஏதோ எழுதுவியே, எழுது. என்னைத் திட்டியே எழுது."

"நான் தமிழ்லதானே எழுதுவேன் கரோலா. இங்க யாரு படிப்பாங்க?"

"எழுபது வயசு மனுஷனைப் பார்த்துக்கிற நர்ஸ் யாரு, பக்கத்து வீட்டுக்காரன் யாரு, உனக்குத் தெரியுமா? தமிழ் படிக்கிறவங்களாவும் இருக்கலாம். எழுதுடா."

எழுதிவிட்டேன். படம் கிடையாது, அடையாளம் இவ்வளவுதான்: எழுபது வயது, மெலிந்த உடம்பு, இடது காதில் கேட்கும் கருவி (நூர்ஹான் கவனித்தது), நன்றாகச் சூப் வைப்பவர், மார்ச் மாதம் எக்கார்ட் என்பவரை இழந்தவர். பெர்லினில் உங்களுக்கு யாரைத் தெரிந்தாலும் இதை அனுப்புங்கள், வாயாலாவது சொல்லுங்கள். அவரைப் பார்த்தால் பெயர் கேட்காதீர்கள். எந்த ஞாயிறானாலும் மூன்று மணிக்கு, எந்தச் சட்டை போட்டுக்கொண்டும் வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். தெருமுனைக் கபாப் கடையில் ஒருத்தர் டீயை ஆறவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.