ராகேல் விட்டுவந்த பிள்ளை

யாழ்ப்பாணத்துக் கரம்பன் ஊர் மரியாம்பிள்ளையின் மூத்த மகள் மக்டலீன், ரொறன்ரோவில் ரூஜ் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டில் தங்கி வேலை செய்தாள். மிசிஸ் ஹார்லனுக்கு இடுப்பெலும்பு முறிந்து நடமாட்டம் இல்லை. சமைப்பது, குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது எல்லாம் மக்டலீன்தான். ஞாயிற்றுக்கிழமையில் பெரியம்மாவின் மகன் இக்னேசியஸ் காரில் வந்து பூசைக்குக் கூட்டிப்போவான். மற்ற நாளெல்லாம் அந்த வீடுதான். யன்னலுக்கு வெளியே பனி, பனிக்கு அப்பால் மரங்கள், அதற்கும் அப்பால் என்ன இருக்கிறதென்று அவள் போய்ப் பார்த்ததில்லை.

புருஷன் சீமோன் தொண்ணூறாம் ஆண்டு கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. நடை பழகிய பிள்ளை டிலோஜினியைத் தங்கச்சி பெனடிற்றாவின் மடியில் இருத்தி, போனதும் கூப்பிடுவேன் என்று சொல்லி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டவள் இவள். அகதி வழக்கு இழுபட்டது. கடதாசி கைக்கு வரும்வரை பிள்ளையைக் கூப்பிடவும் ஏலாது, நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரவும் ஏலாது. சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு ஃபோனும் இல்லை. இப்படியே வருடங்கள் போயின.

மிசிஸ் ஹார்லனுக்குக் கதை கேட்க ஆள் வேண்டும். அவளுடைய பூட்டனின் தகப்பன் நேதன் என்பவன், அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலிருந்து வண்டில் கட்டிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்து குடியேறியவன். மரம் தறித்து வீடு போட்டதையும், மாட்டைப் பிடிக்க வந்த ஓநாயைக் கோடாலியால் அடித்ததையும் சொல்லும்போது கிழவியின் குரல் ஏறும்.

மக்டலீனுக்கு ஓநாயில் அக்கறையில்லை. ஆர் ஆருக்கு என்ன முறை என்று பிடிபட்டால்தான் அவளுக்குக் கதை ஏறும். பெண்சாதி யாருடைய மகள்? கூடப்பிறந்தவர்கள் வந்தார்களா? பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் நின்றது யார்? தெரிந்த இங்கிலீசில் கேட்டாள்.

கிழவி யோசித்துச் சொன்னாள். பெண்சாதியின் பெயர் ராகேல். சொந்தம் என்று ஒருவரும் வரவில்லை. மூத்த பெட்டைப்பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். வீடு எழும்பியதும் கூப்பிடுவதாகப் பேச்சு. அதற்குள் அமெரிக்கனுக்கும் இந்தப் பக்கத்தை ஆண்ட பிரிட்டிஷ்காரனுக்கும் சண்டை மூண்டு வழி அடைபட்டுப் போனது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கிழவி மறுபடி ஓநாய்க்குப் போனாள்.

மக்டலீனின் கை சூப்புக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. பிள்ளையைப் பிறகு கூப்பிட்டார்களா என்று கேட்டாள். தெரியாது என்றாள் கிழவி. அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்.

"அண்ணை, அந்தப் பிள்ளை தாயிட்ட வந்ததோ இல்லையோ எண்டு அறியவேணும்" என்றாள், ஞாயிறு காரில்.

"எந்தப் பிள்ளை?"

"ராகேலின்ர மூத்தது."

இக்னேசியஸ் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அந்த மனுசி உன்னைச் சமைக்க வைச்சிருக்கோ, சம்பந்தம் பேச வைச்சிருக்கோ?"

"நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

"எனக்கு விளங்குதடி. உன்ர பெட்டையை நினைக்கிறாய். அந்தக் காலம் வண்டில், இப்ப பிளேன். கடதாசி வரட்டும், அடுத்த கிழமையே பிள்ளை இஞ்ச நிக்கும்."

வசந்தத்தில் கடதாசி வந்தது. பெனடிற்றாவும் பிள்ளையும் இடம்பெயர்ந்து அலைந்து, அப்போது நீர்கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். சனிக்கிழமை ஃபோன் எடுப்பதாகச் சொல்லி வைத்தாள்.

அதற்கு முதல்நாள் மிசிஸ் ஹார்லன் கூப்பிட்டாள். மக்டலீன் விடாமல் கேட்டதால், பென்சில்வேனியாவில் இருக்கிற ஒன்றுவிட்ட சகோதரியிடம் விசாரித்திருக்கிறாள். அங்கே அந்தக் கதையை இன்னும் சொல்லுகிறார்களாம். சண்டை ஓய்ந்து வழி திறந்ததும் நேதன் பெட்டையைக் கூட்டிப்போக வந்தவன்தான். பெட்டை வைக்கோல் பரணில் ஏறி ஒளிந்துகொண்டு, அவன் போகும்வரை இறங்கவில்லை. வண்டில் வெறுமையாகத் திரும்பியது. ராகேல் சாகும்வரை போய்ப் பார்க்கவில்லை.

பெட்டையின் பிடிவாதத்தை நினைத்துக் கிழவி சிரித்தாள். மக்டலீன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், கழுவாமல் நின்றாள். வழி திறந்தால் போதும் என்றுதான் இத்தனை வருடமும் மன்றாடியிருந்தாள். வேறொன்றும் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் ஃபோனைப் பிள்ளைதான் எடுத்தது.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் குஞ்சு, கொம்மா."

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டது. "அம்மா, ஓடி வாங்கோ. கனடா அம்மா கதைக்கிறா."

பெனடிற்றா வந்தாள். "கடதாசி வந்திட்டுதாம் அக்கா. பிள்ளையை எப்ப கூப்பிடப் போறியள்?"

"அவளைக் கேட்டனியோ?"

"கேட்டனான். நான் வந்தால் தானும் வாறாளாம்."

"உன்னை விடமாட்டாங்கள். பெத்த பிள்ளையை மட்டும்தான் கூப்பிடலாமாம்."

"தெரியும் அக்கா."

உள்ளே மிசிஸ் ஹார்லன் மணி அடித்தாள். மக்டலீன் அசையவில்லை.

"இப்ப கூப்பிடப் போறதில்லை" என்றாள். "அகதிக் கடதாசியோட அங்க என்னாலை வர ஏலாது. நீங்கள் ரெண்டுபேரும் வேளாங்கண்ணிக்கு வாங்கோ, நானும் வாறன். கூட்டிக்கொண்டு போக இல்லையெண்டு அவளுக்குச் சொல்லு. ஒருக்காப் பாக்க மட்டும்."

பெனடிற்றா பிள்ளையிடம் சொல்வது கேட்டது.

"ஆரைப் பாக்க, அம்மா?" என்றது பிள்ளை.

தங்கச்சி என்ன மறுமொழி சொல்லப்போகிறாள் என்று, ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மக்டலீன் நின்றாள்.