கோபுரம் கண்டதும் உருவிய துண்டு

பறக்கிற தொழிலில் பாதி நேரம் தரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் டாக்ஸி ஓட்டுநர்களே, எலெக்ட்ரீஷியன்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

நான் ஓட்டுவது பவர் பாராசூட். மூன்று சக்கர வண்டி. முன்னால் நான், பின்னால் ஒரு பயணி, அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய விசிறி, தலைக்கு மேல் பாராசூட். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு திடலிலிருந்து கிளம்பி, வயல்களைச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவேன். என் மனைவி மங்கைக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஒருமுறை விழுந்தாலும் வண்டியை விற்றுவிட்டு அவள் அண்ணனின் உரக்கடையில் போய் உட்கார வேண்டும் என்பது ஒப்பந்தம். உரக்கடை வாசனையை நினைத்தே ஜாக்கிரதையாக ஓட்டுகிறேன்.

காற்றும் கல்யாணமும்

பாபநாசத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை மண்டபத்து மைதானத்தில் வானத்திலிருந்து இறக்க வேண்டுமாம். ஆனி மாதம். தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்டது போலக் கிடக்கிறது. இந்தக் காற்றில் பாராசூட்டை விரித்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு போய் மின்கம்பியில் மாட்டிவிடும். முடியவே முடியாது என்றேன். முகூர்த்தம் தவறிவிடும் என்றார்கள். மாப்பிள்ளை தவறினால் பரவாயில்லையா என்று கேட்டேன். மாப்பிள்ளை உடனே காரில் ஏறிக்கொண்டார். அவருடைய சித்தப்பா மட்டும் விடவில்லை.

"காத்துலதானே தம்பி பறக்கணும்? அது அடிக்கிறப்ப மாட்டேங்கிறீங்களே!"

துண்டு

ரத்தினம் ஐயா பெரிய விவசாயி. தன் நிலத்தை மேலிருந்து பார்க்க அவருக்கு ஆசை. தோளில் துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என்னோடு வேலை செய்யும் செல்வம் அவருக்குத் தலைக்கவசம் மாட்டி, பெல்ட் போட்டு, துண்டைக் கேட்டான். தர மறுத்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார். விசிறி சுற்றுகிற வண்டியில் பறக்கிற துணிதான் எமன் என்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். தலையைத் தலையை ஆட்டினார்.

மேலே அருமையான காற்று. அவர் வயல், வாய்க்கால், பம்ப்செட் எல்லாம் காட்டினேன். தூரத்தில் அவர் ஊர்க் கோபுரம் தெரிந்தது. கோபுரத்தைக் கண்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவார்கள். அவரும் சட்டைக்குள்ளிருந்து உருவினார். அடுத்த நொடி பின்னால் படாரென்று ஒரு சத்தம். விசிறியின் இறக்கை உடைந்துவிட்டது. எஞ்சினை அணைத்தேன். ஹெட்போனில் ஐயா பேசினார்.

"தம்பி, சத்தம் நின்னது நல்லதாப் போச்சு. இப்பதான் நிம்மதியா கும்பிட முடியுது."

சேறு

எஞ்சின் நின்றாலும் பாராசூட் விரிந்திருக்கும்வரை வண்டி மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் எங்கே இறங்குவது? ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் தண்ணீர் நிறைந்த வாய்க்கால். நடுவில், சம்பா நடவுக்காக உழுது சேறடித்து வைத்த வயல். கண்ணை மூடாமல் அதில் இறக்கினேன். முன்சக்கரம் புதைந்தது, வண்டி குப்புறக் கவிழ்ந்தது, இருவரும் பெல்ட்டோடு சேற்றில் முகம் பதித்தோம். "ஐயா!" என்று அலறினேன். ஐயா மெல்லத் தலையைத் தூக்கினார். ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தீங்களா? கும்பிட்டது வீண்போகல!"

விசாரணை

"விழல, இறங்கினோம்னு சொல்லுங்க" என்று செல்வம் வழியெல்லாம் பாடம் எடுத்தான். மங்கை வாசலிலேயே நின்றாள்.

"விழுந்தாரா?"

"இல்ல அண்ணி, இறங்கினாரு. கொஞ்சம் சீக்கிரமா."

அவள் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் துடைத்தாள். அதைப் பார்த்ததும் உரக்கடையே தேவலை என்று தோன்றிவிட்டது. துண்டு விஷயத்தைச் சொல்லி, வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன்.

"இறங்கின ஆளுக்குக் காதுக்குள்ள எப்படிங்க சேறு வந்துச்சு? விக்க வேணாம். இனிமே துண்ட நான் வாங்கி வெக்கிறேன். யாரு தர மாட்டேங்கிறாங்கன்னு பாக்குறேன்."

இப்போதெல்லாம் காற்றே சம்மதித்தாலும், மங்கை தலையாட்டாமல் எங்கள் வண்டி தரையை விட்டுக் கிளம்புவதில்லை.