ஈஸ்வரியின் பெயருக்கு நேரே

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று தொழிற்சாலைகளுக்குக் குழந்தைகள் காப்பகம் நடத்திக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஹெலன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. காப்பகங்களில் வேலை பார்க்கும் பத்தொன்பது பெண்களின் பயிற்சிப் பதிவேடு அவள் பொறுப்பு. யார் முதலுதவிப் பயிற்சி முடித்தார், யாருடைய மருத்துவச் சான்று முடியப்போகிறது, யாருக்கு இன்னும் போலீஸ் சான்று வரவில்லை, எல்லாம் ஒரே எக்செல் தாளில் இருக்கும். முடித்தவர் பெயருக்கு நேரே கட்டம் பச்சையாகும். கெடு நெருங்கினால் மஞ்சள். தாண்டினால் சிவப்பு. மாதக் கடைசியில் சிவப்புப் பெயர்களை மட்டும் பொறுக்கி மேனேஜர் வரதனுக்கு அனுப்ப வேண்டும். காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

தன் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் ஹெலன். பி.காம் முடித்துவிட்டு இரண்டு வருடம் அரசு வேலைக்குத் தேர்வு தேர்வாக எழுதிச் சலித்து இங்கே வந்தாள். இரும்பு ஆலையில் லோடு ஏற்றும் அவள் அப்பா மோசஸ், டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆளிருந்தால் சொல்வார்: "எம் பொண்ணு ஓகே சொன்னாத்தான் அங்க எவளும் புள்ளைய தொடவே முடியும், தெரியுமா?" அது அப்படியில்லை என்று ஹெலன் ஒருநாளும் திருத்தியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்று தொழிற்சாலைகளில் ஒன்றான ஒயர் கம்பெனியின் காப்பகத்தை ஒட்டிய சிறிய அறைதான் அவளுடைய ஆபீஸ். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் வழியாக நாள் முழுவதும் ஈஸ்வரி தெரிவாள்.

ஈஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. பக்கத்துக் கிராமத்துக்காரி. நிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று வந்தபோது, ஆறாம் வகுப்போடு நின்ற அவளுக்குக் கிடைத்தது இந்த ஆயா வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். இரண்டு தூளிகளை இரண்டு காலால் ஆட்டிக்கொண்டே மூன்றாவது குழந்தைக்குச் சோறு ஊட்டுவாள். பால் பாட்டில்களில் ஒட்டியிருக்கும் ஆங்கிலப் பெயர் அவளுக்குப் படிக்க வராது. ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒவ்வொரு நிற உல்லன் நூலைக் கட்டிவைத்திருந்தாள். ஒருநாளும் பாட்டில் மாறியதில்லை. ஒடிசாவிலிருந்து வந்த குழந்தைகள்கூட மற்ற இரண்டு ஆயாக்களிடம் அழுதுவிட்டு இவள் மடியில்தான் தூங்கும்.

முதலுதவிப் பயிற்சி திருவள்ளூரில் நடக்கும். மூன்று நாள். காலையில் கிளம்பி, பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். பயிற்சி வந்தாலும் காப்பகத்தைப் பூட்ட முடியாது. தொழிற்சாலை லைனில் நின்று வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளை யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவது ஒவ்வொரு முறையும் ஈஸ்வரிதான். அவள் ஒருத்தி இருந்தால் சமாளித்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற இருவரில் ஒருத்தியை அனுப்பிவிட்டு அவளை நிறுத்திக்கொள்வார்கள்.

முதல் தடவை அப்படி நின்றபோது ஈஸ்வரியின் கட்டம் சிவப்பானது. மாதக் கடைசியில் ஹெலன் பெயரை அனுப்ப, வரதன் நேராகக் காப்பகத்துக்கே வந்து, குழந்தைகள் முன்னாலேயே சத்தம் போட்டார். சிவப்பில் இருக்கும் எல்லோருக்கும் அவர் அதைத்தான் செய்வார். அவர் போன பிறகு ஈஸ்வரி தடுப்பின் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னா ஹெலனு, என்னை மாட்டி உட்டுட்டியே. நானா வரமாட்டேன்னு சொன்னேன்? நீங்கதான நிக்கச் சொன்னீங்க?"

"அது தானா செவப்பாவுது அக்கா. நான் ஒண்ணும் பண்ணல."

"தானா ஆவுதா? அப்போ உனக்கு இன்னாத்துக்கு சம்பளம்?" சொல்லிவிட்டு ஈஸ்வரியே சிரித்துவிட்டாள். ஆனால் அவள் கண் சிவந்திருந்தது. ஹெலனுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது தடவையும் ஈஸ்வரி நின்றாள். அந்த முறை ஹெலன் தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் 'அடுத்த பேட்ச்' என்று தட்டினாள். தேதிக்குப் பதில் எழுத்து இருந்தால் தாள் எந்த நிறமும் காட்டாது. கட்டம் வெள்ளையாக நின்றது. பட்டியலில் ஈஸ்வரி பெயர் வரவில்லை. வரதன் வரவில்லை. ஹெலன் தடுப்பின் பக்கம் போய், "இந்த மாசம் உன் பேரு போவாதுக்கா" என்றாள்.

"நீ நல்லா இருப்ப பாப்பா" என்றாள் ஈஸ்வரி. மறுநாள் ஒரு டப்பா நிறைய கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்றாவது தடவையும் அதே கட்டம், அதே எழுத்து. யோசிக்கக்கூட இல்லை.

போன ஆடியில் ஒரு பகல், மணி ஒன்றரை இருக்கும். ஒரு ஆயா சாப்பிடப் போயிருந்தாள், இன்னொருத்தி விடுப்பு. பூமிகா என்ற இரண்டு வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டது. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், லைனில் ஆள் மாற்றி வருவதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. கைகால் வெட்டி இழுத்தது, கண் மேலே செருகியது.

தடுப்பு வழியாக ஹெலன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவிக் குழந்தையின் கைக்குள் திணித்து அழுத்தினாள். ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். பிறகு, நாக்கைக் கடித்துக்கொள்ளும் என்று பயந்து, சோறூட்டும் எவர்சில்வர் கரண்டியைப் பற்களுக்கு நடுவில் நுழைத்தாள். குழந்தையின் முன்பல் ஒன்று உடைந்தது. ஈறு கிழிந்து ரத்தம் வாயில் நிறைந்து, மூச்சு கர்கர் என்றது. ஹெலன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு உள்ளே ஓடினாள். ஓடிப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்போது உள்ளே வந்த அம்மா பார்த்தது, ஈஸ்வரியின் மடியில் ரத்தத்தோடு கிடந்த தன் பெண்ணை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. வலிப்பு ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டதாம். ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தால்தான் ஆபத்து என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அம்மாவின் புகார் எழுத்தில் வந்தது. வரதன் பயிற்சித் தாளைத் திறக்கச் சொன்னார்.

"எங்க ஈஸ்வரி? பச்சையுமில்ல, செவப்புமில்ல. இன்னாம்மா இது வெள்ளையா?"

"அடுத்த பேட்ச்ல அனுப்பலாம்னு சார்..."

"எத்தனை அடுத்த பேட்ச்? திரும்பவும் செவப்புல வந்திருந்தா நான் வேற காப்பகத்துல இருந்து ஒரு ஆள எறக்கிட்டு இவள அனுப்பியிருக்க மாட்டேனா?" என்றவர், குரலைத் தணித்தார். "சரி, விடு. லெட்டர் அடி. பயிற்சிக்கு மூணு முறை கூப்பிட்டும் அவங்க வரலன்னு போடு. இல்லன்னா உன் வேலையும் சேர்ந்து போவும், என்னுதும் போவும். லைசன்ஸ் வேற அடுத்த மாசம்."

ஹெலன் அடித்தாள். நாலு வரிதான். மூன்று முறை கூப்பிட்டது உண்மை. வராதது உண்மை. அடிக்கும்போது இதையே அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எந்த வார்த்தையும் பொய்யில்லாத அந்தக் கடிதத்தை அவளால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

கையெழுத்து வாங்கவும் வரதன் அவளைத்தான் அனுப்பினார். ஈஸ்வரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்ல கீது. இன்னா எழுதிக்குது?"

"வேலைய உட்டு நிறுத்துறாங்க அக்கா."

"அது தெரியும். அத எழுதவா இத்தினி வரி?"

ஹெலன் பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். ஈஸ்வரி கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

புது ஆளுக்குப் பயிற்சி முடித்து, உரிமமும் புதுப்பித்தாகிவிட்டது. தாள் முழுக்கப் பச்சை. வரதன் பாராட்டினார். ஹெலனுக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சிவப்பாகவே விட்டிருந்தால் ஈஸ்வரி இன்னொரு தடவை திட்டு வாங்கியிருப்பாள், அவ்வளவுதான். அந்தத் திட்டிலிருந்து அவளைக் காப்பாற்றினேனா, அல்லது அவள் கண் சிவப்பதைப் பார்க்கும் சங்கடத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா? கேள்வி வரும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கருவாட்டுக் குழம்புதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு ருசித்துச் சாப்பிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், ஈஸ்வரியின் கிராமத்துக்குப் போனாள். வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்திலேயே ஈஸ்வரி நின்றிருந்தாள். இப்போது ஒரு மீன்தீவன கம்பெனியில் மூட்டை தைக்கிறாளாம், ஞாயிறும் உண்டாம். உடம்பெல்லாம் அந்த வாடை.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

ஹெலன் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக் கட்டம் எப்படி வந்தது, கடிதத்தில் என்ன இருந்தது, அதை யார் அடித்தது. அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அழவில்லை.

 ஈஸ்வரி ஒன்றை மட்டும் கேட்டாள்.

"கூப்ட்டும் வரலன்னா எழுதின?"

"ஆமாக்கா."

"நான் திட்டு வாங்காதவளா? எங்க ஊட்டுக்காரன் திட்டாத திட்டா? அந்தாளு கத்திட்டுப் போனா போறான். நீ செவப்பு போட்டிருந்தா நான் அந்த மூணு நாளு போய்க்கினு வந்திருப்பேனே பாப்பா." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் ஹெலனுக்குத் தாங்கவில்லை. "அந்தப் புள்ள வாயி என் கண்ணுலயே நிக்குது. நான்தான அத உடைச்சேன்."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. ஈஸ்வரி சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு ஏதோ நினைத்தவள்போல நின்றாள்.

"ஆமா, உன்னாண்ட கேக்கணும்னே இருந்தேன். புள்ளைக்கு இழுப்பு வந்தா இன்னா பண்ணணும்? சாவி குடுக்கக் கூடாதாம், கரண்டி வெக்கக் கூடாதாம், ஆஸ்பத்திரில திட்டுனாங்க. இன்னா பண்ணணும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. அந்தப் பயிற்சில சொல்லிக் குடுக்கறாங்க இல்ல?"

சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டாம் நாள், காலை வகுப்பு. அந்தத் தலைப்பை ஹெலன் பத்தொன்பது பெயர்களுக்கு நேரே இரண்டு வருடமாகத் தட்டியிருக்கிறாள். அந்த வகுப்பில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"தெரியலக்கா" என்றாள்.

ஈஸ்வரி நம்பாமல் பார்த்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்த, அவள் ஏறிக்கொண்டாள். ஹெலன் கைபேசியை எடுத்து, புழுதி பறந்த சாலையோரத்தில் நின்றபடியே, குழந்தைக்கு வலிப்பு வந்தால் என்று தட்டித் தேடத் தொடங்கினாள்.